சாக்ஸ் தரவில் திரட்சி: எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்க முடியாது

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சுமார் 30 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதம். சிறுகோண எக்ஸ்-கதிர் சிதறலில், அதாவது சாக்ஸில், அளந்தபோது மிகச் சிறிய கோணங்களில் வளைவு மேலே தூக்குகிறது. முதல் 20 புள்ளிகளை வெட்டிவிட்டால் கினியர் வரைபடம் (சிறுகோணத் தீவிரத்தின் மடக்கையைக் கோண அளவின் வர்க்கத்துக்கு எதிராக வரைவது, அதன் சாய்விலிருந்து துகளின் அளவு கிடைக்கும்) நேர்க்கோடாகிவிடுகிறது. இப்படி வெட்டுவது சரியா? சரியில்லை என்றால், இந்த ஏற்றத்துக்குக் காரணமாகச் சந்தேகிக்கப்படும் திரட்சியின், அதாவது ஒன்றோடொன்று ஒட்டிப்போன மூலக்கூறுகளின், பங்கைக் கணக்கிட்டுக் கழித்துவிட முடியுமா?

வெட்டுவது திருத்தம் ஆகாது. வெட்டிய பிறகும் திரட்சி மிச்சப் புள்ளிகளில் இருந்துகொண்டுதான் இருக்கும், வளைவாகத் தெரியாது, அவ்வளவுதான். கழிக்க முடியும். ஆனால் திரட்சி எவ்வளவு, அது எத்தனை மூலக்கூறு சேர்ந்தது என்பது வேறொரு அளவீட்டிலிருந்து தெரிந்திருக்க வேண்டும். சிதறல் வளைவு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் கண்டுபிடிக்க முயன்றால், விரும்பிய விடை எதுவானாலும் கிடைக்கும். இதை விளக்கக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு துகளின் சிதறல் அதன் நிறையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நூறு மூலக்கூறுகள் தனித்தனியாக மிதந்தால் 100 பங்கு சிதறல். அதே நூறும் ஒன்றாக ஒட்டிக்கொண்டால் 10,000 பங்கு. இப்போது உங்கள் கரைசலில் எடைக் கணக்கில் 1 சதவீதம் மட்டும் இப்படி நூறு மூலக்கூறுத் திரளாக இருக்கிறது என்று வையுங்கள். பூஜ்யக் கோணத்தில் மோனோமரிலிருந்து, அதாவது தனி மூலக்கூறுகளிலிருந்து, 0.99 பங்கு வரும், திரளிலிருந்து 0.01 பெருக்கல் 100, அதாவது 1 பங்கு வரும். மொத்தம் 1.99. ஒரே ஒரு சதவீத அழுக்கு, மூலக்கூறு எடையை இரட்டிப்பாகக் காட்டுகிறது. சுழல் ஆரம், அதாவது துகள் தன் நிறை மையத்திலிருந்து எவ்வளவு பரந்திருக்கிறது என்ற அளவு, இன்னும் மோசம், ஏனென்றால் ஒவ்வொரு வகையின் ஆர வர்க்கமும் அதன் சிதறல் பங்கின்படி சராசரியில் சேர்கிறது. மோனோமரின் சுழல் ஆரம் 2 நானோமீட்டர், இறுக்கமாக ஒட்டிய திரளின் ஆரம் 9.3 நானோமீட்டர் என்றால், பூஜ்யக் கோணம் வரை அளக்க முடிந்தால் கிடைக்கும் சராசரி 6.7 நானோமீட்டர். அது மோனோமருக்கும் சொந்தமில்லை, திரளுக்கும் சொந்தமில்லை.

பெரிய திரள் இவ்வளவு பயமுறுத்தினாலும், உண்மையில் ஆபத்துக் குறைந்தது அதுதான். மேலே சொன்ன திரள் அடர்த்தியான உருண்டையாக இருந்தால் அதன் சிதறல் கோணம் கூடக்கூட மிக வேகமாக, கியூவின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் சரியும். கியூ என்பது இங்கே சிதறல் கோணத்தையும் அலைநீளத்தையும் சேர்த்துச் சொல்லும் வழக்கமான அளவு. நானோமீட்டருக்கு 0.5 என்ற கியூவுக்கு வரும்போது அந்தத் திரளின் பங்கு மொத்தச் சிதறலில் 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அது எங்கே தொந்தரவு செய்கிறதோ அங்கே வெளிப்படையாகத் தூக்கிக் காட்டும், மற்ற இடங்களில் ஒதுங்கிவிடும். திரள் இறுக்கமாக இல்லாமல் கிளைகிளையாகத் தளர்ந்து இருந்தால் சரிவு மெதுவாகும், அப்போது தொந்தரவு நடுக்கோணம் வரை நீளும்.

டைமரை, அதாவது இரண்டு மூலக்கூறு ஒட்டிய ஜோடியை, எடுத்துக்கொள்ளுங்கள். எடையில் 10 சதவீதம் டைமர், அதன் சுழல் ஆரம் 2.8 நானோமீட்டர் என்று வைப்போம். பூஜ்யக் கோணத்தில் மொத்தச் சிதறலில் 18 சதவீதம் டைமருடையது. கியூ 0.5-இல் 14 சதவீதம். இன்னும் பெரிய கோணங்களில் 10 சதவீதத்தை நெருங்கும். எங்கும் திடீர் ஏற்றம் இல்லை, பங்கு மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது. கினியர் வரைபடம் அழகான நேர்க்கோடாகவே இருக்கும். சுழல் ஆரம் மட்டும் 2-க்குப் பதிலாக 2.17 என்று வரும். அந்த 8 சதவீத வித்தியாசத்தைப் பார்த்து ‘புரதம் கரைசலில் கொஞ்சம் நீண்டு இருக்கிறது’ என்று எழுதிவிட எல்லா வாய்ப்பும் உண்டு.

ஆகவே நேர்க்கோடு என்பது பெரிய திரள் இல்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. கரைசலில் ஒரே வகைத் துகள்தான் இருக்கிறது என்பதற்குச் சாட்சி இல்லை. பலரும் இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தரமான எடுத்துக்காட்டு பிஎஸ்ஏ, அதாவது மாட்டுச் சீரம் ஆல்புமின். சுமார் 66 கிலோடால்டன். அளவுத்தரமாகப் பல இடங்களில் பயன்படுகிறது. ஆனால் பொடியைக் கரைத்து அப்படியே அளந்தால் கூடவே டைமர் வரும், சுழல் ஆரம் 3 நானோமீட்டர் அருகே நிற்கும். மோனோமரைப் பிரித்து அளந்தால் 2.7, 2.8 என்று இறங்கும். இரண்டு கினியர் கோடுகளும் நேராகத்தான் இருக்கும்.

சரி, வெட்டுவதற்கு வருவோம். நீங்கள் செய்ய வேண்டிய முதல் சோதனை சுலபமானது. கினியர் பொருத்தத்தின் மேல் எல்லையைச் சுழல் ஆரம் பெருக்கல் கியூ 1.3-ஐத் தாண்டாதபடி வைத்துக்கொண்டு, கீழ் எல்லையை மட்டும் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் வரும் சுழல் ஆரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் அது சமநிலைக்கு வந்து நின்றால், தொந்தரவு மிகப் பெரிய திரளுடையது, அதன் பங்கு பெரும்பாலும் வெட்டிய பகுதியிலேயே முடிந்துவிட்டது என்று ஓரளவு நம்பலாம். அப்படி நிற்காமல், நகர்த்த நகர்த்த ஆரம் குறைந்துகொண்டே போனால், எல்லா அளவிலும் திரள்கள் கலந்து இருக்கின்றன. அந்தத் தரவில் எந்த இடத்தில் வெட்டினாலும் அந்த இடம் உங்கள் விருப்பத்தைத்தான் சொல்லும்.

வெட்டுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. துகளின் மிகப் பெரிய நீளம் எவ்வளவோ, பை (π) என்ற எண்ணை அதனால் வகுத்து வரும் கியூவுக்குக் கீழேயும் தரவு இருக்க வேண்டும். நீளம் 6 நானோமீட்டர் என்றால் அந்த எல்லை சுமார் 0.52. அதையும் தாண்டி வெட்டிவிட்டால் நீளத்தைப் பற்றிச் சொல்ல உங்களிடம் எதுவும் மிச்சமில்லை. தூரப் பரவல் வளைவில் (துகளுக்குள் எந்தத் தூரம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வளைவு) நீண்ட வால் வருகிறது என்று, பெரும நீளத்தைக் குறைத்துக் கொடுத்து அந்த வாலைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுவதும் இதே வகைத் தவறு. வால் இருந்தால் வால் இருக்கிறது. அது திரட்சியா, உண்மையிலேயே நீண்ட, நெகிழ்வான புரதமா என்று வேறு வழியில் தீர்க்க வேண்டும்.

சிறுகோண ஏற்றம் எல்லாமே திரட்சி என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பஃபர், அதாவது புரதம் கரைந்திருக்கும் கரைசல், சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம், நுண்குழாயில் குமிழி இருக்கலாம், நேர்க்கற்றையை மறைக்கும் கற்றைத் தடுப்பானின் ஓரத்திலிருந்து வரும் ஒட்டுண்ணிச் சிதறல் சரியாகக் கழிபடாமல் இருக்கலாம். மாதிரிக்கு முன்னும் பின்னும் அளந்த பஃபர் வளைவுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பின்னதில் சிறுகோணம் உயர்ந்திருந்தால் புரதம் குழாய்ச் சுவரில் படிந்திருக்கிறது. சுத்தம் செய்து மறுபடி அளப்பதைத் தவிர அதற்கு வழி இல்லை.

அடுத்து, கதிர்வீச்சுச் சேதம். சின்க்ரோட்ரான் என்ற பெரிய முடுக்கியிலிருந்து வரும் வலிமையான எக்ஸ்-கதிர்க் கற்றை தண்ணீரை உடைத்து ஹைட்ராக்சில் போன்ற வினைவேகம் மிக்க தனியுறுப்புகளை உண்டாக்கும், அவை புரதங்களை ஒட்டவைக்கும். இந்தத் திரட்சி உங்கள் மாதிரியில் முதலில் இல்லாதது, அளவீடே உண்டாக்கியது. அதனால்தான் ஒரே நீண்ட அளவீட்டுக்குப் பதில் பல குறுகிய சட்டகங்களாக எடுக்கிறோம். எல்லாவற்றையும் சராசரி எடுப்பதற்கு முன் சட்டகங்களை ஒப்பிடுங்கள். 2015-இல் வெளிவந்த கோர்மேப் சோதனை இதற்கு நல்ல கருவி. இரண்டு வளைவுகளின் வித்தியாசம் எத்தனை புள்ளிகளுக்குத் தொடர்ந்து ஒரே குறியில் நீள்கிறது என்பதை வைத்து முடிவு சொல்கிறது, ஆகவே பிழை மதிப்பீடு சரியாக இல்லாவிட்டாலும் வேலை செய்யும். முதல் சட்டகத்தோடு ஒத்துப்போகிறவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சட்டகத்திலேயே ஏற்றம் இருந்தால் திரட்சி மாதிரியோடு வந்தது, பிறகு வளர்ந்தால் கற்றை உண்டாக்கியது. இரண்டாவதுக்கு மாதிரியை ஓடவிடுவது, 5 சதவீத அளவில் கிளிசரால் சேர்ப்பது, டிடிடி அல்லது அஸ்கார்பேட் போன்ற ஒடுக்கிகளைச் சேர்ப்பது உதவும். எது சேர்த்தாலும் பஃபரிலும் அதே அளவு இருக்க வேண்டும்.

செறிவு வரிசை பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நாலைந்து செறிவுகளில் அளந்து பூஜ்யச் செறிவுக்கு நீட்டிவிட்டால் திரட்சி போய்விடும் என்கிறார்கள். அந்த நீட்டல் சரிசெய்வது துகள்களுக்கு இடையிலான ஈர்ப்பு, விலக்கு விளைவுகளை. செறிவைக் குறைத்தால் பிரிந்துவிடும் மீள்தன்மையுள்ள சேர்க்கையையும் அது வெளிக்காட்டும். ஆனால் நிரந்தரமாக ஒட்டிப்போன திரள் நீர்த்தாலும் பிரியாது. மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் செறிவில் 2 சதவீதம் என்றால் 0.5 மில்லிகிராம் செறிவிலும் 2 சதவீதம்தான். பூஜ்யத்துக்கு நீட்டினாலும் அது முழுசாக அங்கே உட்கார்ந்திருக்கும்.

இருந்தாலும் செறிவு வரிசை அவசியம், ஏனென்றால் அது நோயை இனம் காட்டும். பூஜ்யக் கோணத் தீவிரத்தைச் செறிவால் வகுத்து வரும் எண்ணைப் பாருங்கள். செறிவு கூடும்போது அது ஏறினால் மீள்தன்மைச் சேர்க்கை அல்லது ஈர்ப்பு. இறங்கினால் விலக்கு. எல்லாச் செறிவிலும் ஒரே மாதிரி, ஆனால் புரதத்தின் அமினோ அமில வரிசையிலிருந்து வர வேண்டிய எடையைவிட அதிகம் என்றால் நிரந்தரத் திரள், அல்லது செறிவை அளந்ததில் பிழை. இதில் ஒரு சூழ்ச்சியான நிலை உண்டு. விலக்கு வளைவைக் கீழே அழுத்தும், திரட்சி மேலே தூக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று மறைத்து, ஒரு குறிப்பிட்ட செறிவில் கினியர் கோடு மிக நேராக வந்துவிடும். ஒரே ஒரு செறிவில் அளந்தவருக்கு இது தெரியவே தெரியாது. உப்பைக் கூட்டி விலக்கைக் குறைத்தால் மறைந்திருந்த திரட்சி வெளியே வரும்.

இப்போது நீக்கம். கணினியில் உட்காருவதற்கு முன் சோதனை மேசையில் செய்வதுதான் எப்போதும் மேல். அளப்பதற்குச் சற்று முன் துகள்களை அளவுவாரியாகப் பிரித்து வெளியேற்றும் அளவுப்பிரிப்பு குரோமட்டோகிராஃபித் தூணில் ஓட்டி, வெளியேறும் புரத உச்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். உறையவைத்து உருக்கிய மாதிரியானால் மறுபடி ஓட்டுங்கள். பெரிய திரளுக்கு அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் என்ற அதிவேகச் சுழற்றியில் 1,00,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் ஒரு லட்சம் மடங்கு) சுழற்றுவது நன்றாக வேலை செய்யும். 0.1 அல்லது 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டி தூசியையும் ராட்சதத் திரளையும் பிடிக்கும். 20 நானோமீட்டர் திரளுக்கு அது திறந்த கதவு. இயங்கு ஒளிச்சிதறலில் (சிதறும் லேசர் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து துகள் அளவைக் கணிக்கும் முறை) சரிபார்ப்பது நல்லது, ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். ஆரத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப அது பெரியவற்றைப் பெருக்கிக் காட்டும். டைமரையும் மோனோமரையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. நான் முன்பே சொன்ன ஆபத்தான வகை அதன் கண்ணில் படாது.

பிரிப்புத் தூணையே கற்றையோடு இணைத்துவிடும் முறை 2004-இல் அமெரிக்காவின் அட்வான்ஸ்டு ஃபோட்டான் சோர்ஸ் சின்க்ரோட்ரானில் செய்துகாட்டப்பட்டது, திரளும் இயல்புள்ள புரதங்களைச் சரியாக அளப்பதற்காகவே. இன்று பெரும்பாலான உயிரியல் கற்றைத்தடங்களில் இது வழக்கம். உங்களுக்கு வாய்ப்பிருந்தால் யோசிக்காமல் இதற்குப் போங்கள். வெளியே வரும் ஒவ்வொரு நொடிக்கும் ஒரு சட்டகம் கிடைக்கும். உச்சி முழுக்கச் சுழல் ஆரம் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, சமமான பகுதியை மட்டும் சராசரி எடுக்கலாம். உச்சியின் வடிவம் சமச்சீராக இருக்கிறதே என்று திருப்தி அடைய வேண்டாம், ஆரமும் சமமாக நிற்க வேண்டும். தூணில் மாதிரி பல மடங்கு நீர்த்துப் போகும் என்பதால் ஏற்றும் செறிவு கூடுதலாக இருக்க வேண்டும். மீள்தன்மைச் சேர்க்கை தூணுக்கு வெளியே வந்ததும் மறுபடி சமநிலைக்குத் திரும்பிவிடலாம். குழாய்ச் சுவரில் படிவு ஏறினால் உச்சிக்குப் பின் அடிக்கோடு பழைய மட்டத்துக்கு இறங்காது. அதைக் கவனிக்காமல் கழித்தால் பிரிப்பு நடந்த பிறகும் பொய்யான சிறுகோண ஏற்றம் வந்து சேரும்.

உச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் கணிதம் கைகொடுக்கும். தனி மதிப்புப் பகுப்பு எத்தனை வகைத் துகள் கலந்திருக்கிறது என்று சொல்லும். வளரும் காரணிப் பகுப்பு, ஒவ்வொரு வகையும் எந்தச் சட்டகத்தில் தோன்றி எதில் மறைகிறது என்ற தகவலைக் கொண்டு அவற்றின் வளைவுகளைத் தனித்தனியாக எடுத்துத் தரும். இங்கே கணிதத்தை நம்பலாம். நூற்றுக்கணக்கான சட்டகங்களில் கலவையின் விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால், பிரிப்பதற்கு வேண்டிய தகவல் உண்மையிலேயே தரவில் இருக்கிறது. குடுவையில் வைத்து அளந்த ஒற்றை வளைவில் அந்தத் தகவல் இல்லை.

அப்படியானால் ஒற்றை வளைவுதான் இருக்கிறது, தூணில் ஓட்ட முடியாது என்றால்? இரண்டு நேர்மையான வழிகள் தெரியும்.

டைமரின் அமைப்பு படிகத்திலிருந்தோ கணினியில் கட்டிய நல்ல மாதிரியமைப்பிலிருந்தோ தெரிந்திருந்தால், மோனோமர், டைமர் இரண்டின் சிதறலையும் கிரைசால் போன்ற நிரலில் கணக்கிட்டு, ஆலிகோமர் என்ற நிரலில் விகிதத்தைப் பொருத்தலாம். இதில் தெரியாதது விகிதம் மட்டும்தான். ஆனால் மோனோமரின் வடிவத்தைக் கண்டுபிடிப்பதே உங்கள் நோக்கம் என்றால் இது சுற்றி வளைத்து அதே இடத்துக்கு வந்துவிடும்.

மற்றது, பகுப்பாய்வு அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜை சிதறலோடு சேர்ப்பது. 2020-இல் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு ஒன்று இதை ஒழுங்கான முறையாக வெளியிட்டது. அதன் தர்க்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். படிவு வேகத்திலிருந்து எந்த எடையுள்ள துகள் எத்தனை சதவீதம் என்று கிடைக்கிறது. உதாரணமாக மோனோமர் 92, டைமர் 8 என்று வந்தது என்றால், பூஜ்யக் கோணத்தில் மோனோமரின் பங்கு 0.92-ஐ 1.08-ஆல் வகுத்தது, அதாவது 85.2 சதவீதம். வளைவின் ஒரு முனை இப்படி நிர்ணயமாகிவிட்டது. மறு முனையில், போதுமான அளவு பெரிய கோணங்களில், ஒட்டியிருக்கும் மூலக்கூறும் தனியாக இருக்கும் மூலக்கூறும் எடைக்கு எடை ஒரே மாதிரிதான் சிதறடிக்கும், ஏனென்றால் அங்கே தெரிவது உள்ளமைப்பு. ஆகவே அங்கே அளந்த வளைவே மோனோமரின் வளைவு. இரண்டு முனையும் கையில் இருக்கும்போது நடுவில் கினியர் விதிப்படி பொருந்தும் சுழல் ஆரத்தைத் தேடுவது கட்டுப்பாடான வேலையாகிவிடுகிறது. திரட்சி சிறுபான்மையாக இருக்க வேண்டும், சேரும்போது மோனோமரின் மடிப்பு மாறியிருக்கக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனையும் பொருந்தாத மாதிரியில் இதைப் பயன்படுத்த வேண்டாம்.

அந்த எடுத்துக்காட்டில் இன்னொன்றும் இருக்கிறது. 8 சதவீத டைமர் உள்ள கரைசலில் தோற்ற எடை 30-க்குப் பதில் 32.4 கிலோடால்டன். புரதச் செறிவை அளப்பதில் வரும் பிழையே பலநேரம் அதைவிடக் கூடுதலாக இருக்கும். ‘எடை சரியாக வந்துவிட்டது, ஆகவே மாதிரி சுத்தம்’ என்ற வாதம் சிறிய சேர்க்கைக்கு முன் நிற்காது.

நியூட்ரான் சிதறலுக்கு மாறினால் கதிர்வீச்சுச் சேதம் பெரும்பாலும் இல்லை. ஆனால் அங்கே பஃபரில் அடிக்கடி பயன்படும் கனநீர் சில புரதங்களைத் திரளவைக்கும், அளவீடும் நீண்ட நேரம் எடுக்கும். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரு குறுகிய அளவீடு எடுத்து ஒப்பிடுங்கள்.

இனி உங்கள் தரவுக்கு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். பஃபர் வளைவுகளையும் சட்டகங்களையும் இன்றைக்கே ஒப்பிட்டுவிடலாம், அதற்குப் புது மாதிரி வேண்டாம். கீழ் எல்லையை நகர்த்தும் சோதனையையும் செய்யுங்கள். ஆரம் ஓரிடத்தில் நின்றால், அந்த மதிப்பைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, தூணோடு இணைத்த அளவீட்டுக்கு விண்ணப்பியுங்கள். நிற்காவிட்டால் மாதிரித் தயாரிப்புக்குத் திரும்புங்கள். பஃபரின் பிஎச், உப்பு, கிளிசரால், ஒடுக்கி இவற்றை மாற்றிப் பார்த்துச் சேர்க்கையைத் தடுக்கும் கலவையைத் தேடுவது, எந்தத் திருத்தத்தையும்விடக் கூடுதல் பலன் தரும். வெளியிடும்போது வெட்டாத வளைவையும் கொடுங்கள், எத்தனை புள்ளி விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்றும் எழுதுங்கள். சிறுகோணச் சிதறல் தரவுகளைச் சேர்த்துவைக்கும் எஸ்ஏஎஸ்பிடிபி தரவுத்தளத்தில் முழு வளைவும் இருந்தால் மற்றவர்கள் சரிபார்க்க முடியும். தூணும் இல்லை, சென்ட்ரிஃபியூஜ் பகுப்பும் இல்லை என்ற நிலையில் இந்த வளைவிலிருந்து முப்பரிமாண வடிவம் கட்ட வேண்டாம். நிரல் கட்டாயம் ஒரு வடிவம் தரும், அதில் திரட்சியின் பங்கு ஒரு கூடுதல் புடைப்பாகவோ நீட்சியாகவோ புரதத்தின் மேல் ஏறியிருக்கும். சுழல் ஆரத்துக்கு ஒரு மேல் எல்லை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.